படிப்புக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நண்பர்களின் கேள்விகளுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மருத்துவர் சொன்ன பதில்கள்.

கானாடுகாத்தான்: கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போன வீடுகளில்தான் அந்தக் காலத்தில் மாரடைப்பு என்பார் எங்கள் ஆச்சி. இது பணக்கார வியாதிதானே ஐயா?

ஆச்சி சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. பிரிட்டனிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. போன நூற்றாண்டின் நடுவில் தலைகீழாகிவிட்டது.

தேவகோட்டை: படிக்காதவர்கள் பீடி, கருவாடு என்று உடம்பைக் கெடுத்துக்கொள்வதுதானே காரணம் சார்?

பீடி கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. இந்தியா உட்பட 20 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கவனித்த 'ப்யூர்' ஆய்வு 2019-இல் வந்தது. ஏழை நாடுகளில், குறைவாகப் படித்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நன்றாகப் படித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். இத்தனைக்கும் கொழுப்பு, சர்க்கரை, புகை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆபத்துக் காரணங்கள் குறைவாகப் படித்தவர்களுக்குத்தான் குறைவு! இடிப்பது சிகிச்சையில். 2008-இல் வந்த இன்னொரு ஆய்வு, நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் மாரடைப்போடு சேர்ந்த இருபதாயிரம் பேரைப் பார்த்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் நூற்றுக்கு 8.2, வசதியானவர்களில் 5.5. கிடைத்த சிகிச்சையையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

காரைக்குடி: நெஞ்சு வலித்தால் முதலில் எங்கே ஓடுவது?

சோடா குடித்து 'வாயு' கலைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

பள்ளத்தூர்: அப்பா கல்யாணச் சமையல் மாஸ்டர், மூணாவது வரைதான் படிப்பு. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு 'நல்லாத்தானே இருக்கேன்' என்கிறார்.

தம்பி, முதலில் அவருடைய மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். '1-0-1' என்று எழுதியிருக்கும். காலையிலும் ராத்திரியும் ஒவ்வொன்று என்று யாராவது அவருக்கு வாய்விட்டுச் சொன்னார்களா? இரண்டையும் காலையிலேயே போட்டு, தலை சுற்றி, 'இந்த மாத்திரை ஒத்துக்கலை' என்று நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படித்தவர் கவுண்டரில் திரும்பக் கேட்பார். உங்கள் அப்பா மாதிரி ஆள், டாக்டர் என்ன நினைப்பாரோ என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். இதில் குறை எங்கள் பக்கம்தான். பிரஷருக்கு வலி கிடையாது என்பதையும் சொல்லுங்கள். நல்லா இருப்பதே மாத்திரையால்தான். மாஸ்டருக்கு முகூர்த்த நாளில் வெளியூர் வேலை இருக்குமே, பையில் தனியாக ஒரு அட்டை மாத்திரை போட்டு அனுப்புங்கள். மாதாமாதம் போய் வாங்க முடியாவிட்டால், 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.