பகிர்ந்த ஃபோல்டரில் சேமிக்க முடியவில்லையே, ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டு விண்டோஸ் கணினியில் குடும்பப் புகைப்படங்கள் உள்ள ஃபோல்டரை 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு முழு அனுமதியுடன் பகிர்ந்துள்ளேன். மகளின் லேப்டாப்பில் படங்கள் திறக்கின்றன. ஆனால் புதிதாக எதையும் சேமிக்க முடியவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: விண்டோஸ் இரண்டு இடங்களில் அனுமதியைச் சரிபார்க்கிறது. நீங்கள் மாற்றியது 'ஷேரிங்' பகுதியை மட்டுமே. வட்டிலேயே பதிவாகும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் முறை) அனுமதி 'செக்யூரிட்டி' பகுதியில் தனியாக இருக்கிறது. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இவ்விரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும் என்பதால், செக்யூரிட்டியில் படிக்கும் உரிமை மட்டும் இருக்கும்வரை ஷேரிங்கில் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் பயனில்லை.

உங்கள் கணினியில் மகளுக்குக் கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, எடிட், ஆட் என்று சென்று, அக்கணக்குக்கு 'மாடிஃபை' உரிமை கொடுங்கள். ஷேரிங் பட்டியலிலும் எவ்ரிஒன்னை நீக்கிவிட்டு அதே கணக்கைச் சேர்த்து, 'சேஞ்ச்' உரிமை தாருங்கள். லேப்டாப்பில் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்போது பின் எண் செல்லாது. அந்தக் கடவுச்சொல்லையே தர வேண்டும்.

பகிர்வுக்கான கடவுச்சொல் பாதுகாப்பையே அணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஃபோல்டரில் எவ்ரிஒன்னுக்கு எழுதும் உரிமையும் இருந்துவிட்டால், வைஃபையில் இணையும் எவரும் உங்கள் படங்களை அழித்துவிட முடியும். அனுமதியை மறுக்கும் 'டினை' கட்டத்தையும் தொடாதீர்கள். கணினியின் பயனர்கள் அடங்கிய யூசர்ஸ் குழுவுக்கு அதைக் குறியிட்டால், அக்குழுவில் அடங்கும் உங்களுக்கும் ஃபோல்டர் திறக்காது.