மேயர் அங்கியும் ஒரு பாட்டில் தண்ணீரும்

வாசகர் கேள்விகளுக்கு, கடலூர் வண்டிப்பாளையத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற நகராட்சி வருவாய் ஆய்வாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, என் மகளும் மருமகனும் வேல்சில் ரெக்ஸம் என்ற ஊருக்குக் குடிபோயிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் டவுன் என்கிறார்கள், பஸ்ஸில் சிட்டி என்கிறார்கள், வீட்டுக்கு வரும் கடிதத்தில் கவுண்ட்டி பரோ என்று இருக்கிறது. அது நகராட்சியா, மாநகராட்சியா?
(திருப்பாதிரிப்புலியூர் வாசகி)

மூன்றும்தான். உங்கள் மகளுக்கு வந்த குழப்பம் அந்த ஊர்க்காரர்களுக்கே உண்டு.

ரெக்ஸம் பழைய சந்தை ஊர். இறைச்சிக்கு ஒரு சந்தைக் கட்டடம், வெண்ணெய்க்கு ஒரு சந்தைக் கட்டடம் என்று 19ஆம் நூற்றாண்டில் கட்டினவை இன்னமும் நிற்கின்றன. ஆனால் வேல்சின் மற்ற பல சந்தை ஊர்களுக்கு இருந்ததுபோல அதற்கு ராஜா கொடுத்த சாசனம் கிடையாது. லண்டவரி என்று ஒரு சின்ன ஊர், மாட்டு வியாபாரிகள் தங்கிப் போகிற இடம். அதற்கே 1485ல் மூன்றாம் ரிச்சர்ட் சாசனம் கொடுத்துவிட்டார். ரெக்ஸம் அதைவிடப் பெரிய ஊர், கையில் ஒரு காகிதமும் இல்லை. போதாததற்கு ஊர் இரண்டாகக் கிடந்தது. ஒரு பாதி ரெக்ஸம் ரீஜிஸ், அதாவது ராஜாவின் பங்கு. இன்னொரு பாதி ரெக்ஸம் ஆபட், வாலே குரூசிஸ் மடத்தின் பங்கு. நம்மூர் ஓ.டி. (ஓல்டு டவுன்), என்.டி. (நியூ டவுன்) மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுநகர்க்காரரிடம் "கடலூர்தானே?" என்று கேட்டால் "ஓ.டி." என்று திருத்துவார் அல்லவா, அப்படி.

1835ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நகராட்சிகளைச் சீர்திருத்த ஒரு சட்டம் போட்டது. அதுவரை பல பழைய ஊர்களில் பத்துப் பதினைந்து பேர் தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் நியமித்துக்கொண்டு ஊர்ச் சொத்தை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். இனி வரி கட்டுகிறவர்கள் ஓட்டுப் போட்டுக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வரவுசெலவுக்குத் தணிக்கை வேண்டும் என்று ஆயிற்று. ரெக்ஸம் அந்தப் பட்டியலில் இல்லை. மனுப்போட்டு, 1857ல்தான் பரோ ஆனது. பரோ என்றால் மேயரும் கவுன்சிலும் உள்ள நகராட்சி. நம் கடலூர் நகராட்சி 1866ல் வந்தது. ஒன்பது வருட வித்தியாசம்தான்! நாம் ஒன்றும் அவ்வளவு பின்னால் இல்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1889ல் மாவட்டத்துக்கு ஒரு கவுண்ட்டி கவுன்சில் வந்தது. 1974ல் பரோக்களையெல்லாம் கலைத்து, பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்து ரெக்ஸம் மேலர் என்று ஒரு வட்டாரம் ஆக்கினார்கள். குப்பை வண்டி அந்த வட்டார மன்றத்துக்கு, பள்ளிக்கூடம் கவுண்ட்டிக்கு. ஒரே தெருவில் இரண்டு எஜமான். 1996ல் அதையும் கலைத்து, வேல்ஸ் முழுக்க 22 மன்றங்கள், ஒவ்வொன்றிலும் எல்லா வேலையும் ஒரே கூரையில் என்று வைத்தார்கள். மகளுக்குக் கடிதம் போடுகிற கவுண்ட்டி பரோ அதுதான். 2022ல் ராணியின் எழுபதாவது ஆட்சியாண்டை ஒட்டி சிட்டி பட்டம் கொடுத்தார்கள். பட்டத்தோடு ஒரு பைசா கூடுதல் அதிகாரமோ நிதியோ வராது.

எண்ணிக்கை கேட்கிறவர்களுக்கு: அந்தக் கவுண்ட்டி பரோ முழுவதற்கும் சுமார் 1,35,000 பேர். நம் கடலூரில் 2011 கணக்கெடுப்பிலேயே 1,73,636 பேர்.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் இருக்கிற இடிந்த கோட்டைக்கு வெள்ளைக்காரன் ஏன் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தான்?
(சில்வர் பீச் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

தம்பி, உன் கேள்வியும் மேலே அந்த அம்மா கேட்ட ஊரிலேயே போய் முடிகிறது.

1690ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பிறந்தது அமெரிக்காவில், குடும்பத்துக்குப் பூர்விகம் வேல்ஸ், புதைத்திருப்பது ரெக்ஸம் மாதா கோயில் வளாகத்தில். டேவிட் என்பவர் வேல்சின் காவல் புனிதர். அவர் பெயரைத்தான் கெடிலம் கரையில் வைத்தார்கள்.

கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதை அளந்த விதம்தான் வேடிக்கை. பீரங்கியிலிருந்து குண்டு போய் விழுகிற தூரம் வரை கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். அந்த வளையத்துக்குள் அகப்பட்ட ஊர்களைக் குண்டு கிராமம் என்றே சொல்லிவந்தார்கள். முப்பத்திரண்டு வருடம் சர்வே எண்ணோடு மல்லுக்கட்டினவள் நான். எல்லைத் தகராறு வரும்போதெல்லாம், குண்டு போட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றும்.

யேல் இருந்த காலத்தில்தான் சென்னைக்கு மாநகராட்சியும் வந்தது, 1688ல். ஒரு மேயர், 12 ஆல்டர்மேன், அதாவது மூத்த மன்ற உறுப்பினர். அந்தப் பன்னிரண்டு பேரில் ஆங்கிலேயர் மட்டுமல்ல, போர்த்துகீசியர், யூதர், நம்மவர்களும் இருந்தார்கள். ரொம்பப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. வரி போட்டால் ஜனங்கள் முறைக்கிறார்கள், அவர்கள் ஆட்களையே உட்காரவைத்து வரி போட்டால் கட்டுவார்கள் என்ற கணக்கு. யேல் சொந்த வியாபாரத்தில் கொழுத்தார், புகார் கிளம்பியது, 1692ல் பதவி போனது. கோட்டையை 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்துவிட்டார்.

இன்னொன்று. வேல்சில் அந்தப் புனிதர் பெயரிலேயே செயின்ட் டேவிட்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1995லிருந்து அதுவும் சிட்டிதான். ஜனத்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. நம் பக்கம் அதைப் பேரூராட்சியாகக்கூட ஆக்க மாட்டார்கள்.

கேள்வி: மகள் வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸ் என்று பெரிய தொகைக்கு பில் வந்திருக்கிறது. அவர்கள் வாடகைக்குத்தானே இருக்கிறார்கள்? வீட்டு வரியை ஓனர்தானே கட்ட வேண்டும்?
(மறுபடியும் அதே திருப்பாதிரிப்புலியூர் வாசகி)

நம்மூரில் ஓனர். அங்கே குடியிருப்பவர். இதை முதல் மாதமே தெரிந்துகொள்ளாமல் திண்டாடுகிறவர்கள் நிறைய.

வீட்டின் 2003 ஏப்ரல் மாத மதிப்பை வைத்து, வேல்சில் வீடுகளை ஒன்பது தட்டாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தத் தட்டு என்பதைப் பொறுத்துத் தொகை. அந்த ஒரே பில்லுக்குள் மன்றத்தின் பங்கு, போலீசின் பங்கு, அந்தப் பகுதியின் குட்டி மன்றத்தின் பங்கு மூன்றும் தனித்தனியாக அச்சடித்திருக்கும். பார்க்கச் சொல்லுங்கள். யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அப்படித் தெரிகிற பில்லை நம் ஊரில் நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை. ஒரே தவணையில் கட்ட வேண்டியதில்லை, வழக்கமாகப் பத்து மாதத் தவணை. ஒருவர் மட்டும் குடியிருந்தால் கால் பங்கு தள்ளுபடி. எல்லாருமே முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை.

நீங்களும் இங்கே அரையாண்டு ஆரம்பித்த முப்பது நாளுக்குள் சொத்து வரியைக் கட்டி 5 சதவீதத்தை மிச்சம் பிடியுங்கள். என் பழைய சகாக்களுக்கும் வேலை குறையும்.

கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே ஓட்டுப் போடலாமா? (இதுவும் அவரே)

போடலாம். காமன்வெல்த் நாட்டவர் முறையான விசாவோடு குடியிருந்தால் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2022 மன்றத் தேர்தலிலிருந்து வேல்சில் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு. ஓட்டுப் போட அழைக்கும் கார்டு வந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

கேள்வி: நகராட்சிக்குத் தேர்தலே எதற்கு? 2016லிருந்து 2022 வரை தனி அலுவலரே நடத்தினார். ஊர் ஒன்றும் மூழ்கிவிடவில்லையே. கவுன்சிலர் கமிஷனாவது மிச்சம்.
(மஞ்சக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சார், உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. கவுன்சிலர்களிடம் நான் வாங்காத வசவா? வரிக் கேட்புச் சீட்டை ஒட்டப் போனால், "எங்க வார்டுல ஜப்தி நோட்டீஸ் ஒட்டுற அளவுக்கு வந்துட்டீங்களா" என்று வண்டியை மறித்தவர்கள் உண்டு.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நான் கடைசியாக வேலை பார்த்த நகராட்சி, பெயர் வேண்டாம். அங்கே ஒரு பாட்டி திங்கள்கிழமை தோறும் வருவார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய ஜூஸ் பாட்டிலை எடுத்து என் மேஜையில் வைப்பார். உள்ளே குழாய்த் தண்ணீர். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பாய்ப் படிந்திருக்கும். மூடியைத் திறந்தால் சாக்கடை நாற்றம். "நீயே மோந்து பாரும்மா" என்பார். நான் வருவாய்ப் பிரிவு. பாட்டிலை எடுத்துக்கொண்டு பொறியியல் பிரிவுக்குப் போவேன். அவர்கள் மதிப்பீடு போட்டாயிற்று என்பார்கள். மேலே கேட்டால், தனி அலுவலருக்கு இது கூடுதல் பொறுப்பு, இன்று வேறு ஆபீசில் இருக்கிறார் என்பார்கள். பாட்டி பாட்டிலை எடுத்துக்கொண்டு போவார். அடுத்த திங்கள் வேறு பாட்டில். ஏழு மாதம் நடந்தது சார்.

கவுன்சிலர் இருந்த காலத்தில் அந்தப் பாட்டி ஆபீசுக்கே வந்திருக்க மாட்டார். கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை ஏசியிருப்பார். அவர் அந்த பாட்டிலை மன்றக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்மன் முன்னால் வைத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டிருப்பார். விளம்பரத்துக்குத்தான், சரி. ஆனால் தெருவைத் தோண்டியிருப்பார்கள்.

2011ல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் நாற்காலி காலி. ரெக்ஸத்தில் 1857க்குப் பிறகு எத்தனையோ முறை பெயர் மாற்றினார்கள், எல்லையை மாற்றினார்கள். பழைய மன்றம் கலைகிற அன்றைக்குப் புது மன்றம் தேர்ந்தெடுத்துத் தயாராக இருந்தது. 1974லும் சரி, 1996லும் சரி, அதற்கு முந்தைய வருடமே தேர்தலை முடித்துவிட்டார்கள். கமிஷன் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அதற்குத் தணிக்கையை இறுக்க வேண்டும்.

கேள்வி: நம் மேயர் பதவியேற்பில் அங்கியும் சங்கிலியும் போட்டுக்கொள்வது எதற்கு? இந்த வெயிலில்!
(முதுநகர் வாசகர்)

எல்லாம் இங்கிலாந்து பரோக்களின் மிச்சம். அங்கே குளிர், கனத்த அங்கி தாங்கும். அங்கே பெரும்பாலும் மேயர் என்பவர் வருடத்துக்கு ஒருவர், நாடா வெட்டுகிற கௌரவப் பதவி. நிர்வாகத்தை நடத்துபவர் மன்றத் தலைவர் என்று தனியாக இருப்பார். நம் மேயருக்கு அங்கியும் உண்டு, ஐந்து வருடமும் உண்டு. 45 வார்டும் உண்டு, பாவம்.

கேள்வி: புதுச்சேரியில் பீச் ரோட்டு மேரி (நகராட்சி மன்ற) கட்டடத்தைப் புதிதாகக் கட்டிவிட்டார்களே, எங்கள் மேர் (மேயர்) யார் அம்மா?
(முத்தியால்பேட்டை, "பெயர் போட வேண்டாம்" என்றவர்)

பெயர் போடாமல் கேட்டதிலேயே உங்கள் குறும்பு தெரிகிறது.

உங்கள் ஊர்க் கதை எங்கள் கதையைவிட ருசியானது. 1880ல் பிரெஞ்சுக்காரர்கள் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதிகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மேர், ஒரு மன்றம் வைத்தார்கள். ஆனால் ஓட்டர் பட்டியல் இனம் பார்த்துத் தனித்தனி. ஐரோப்பியர் ஒரு பட்டியல், உள்ளூர்க்காரர் வேறு பட்டியல். கொஞ்சம் வெள்ளைக்காரருக்கும் அத்தனை தமிழருக்கும் இடங்களைப் பங்கு பிரித்த லட்சணம் அது. அப்படியும் அந்த மன்றங்களுக்கு ஒரு பெரிய நாள் வந்தது. 1954 அக்டோபர் 18, கீழூர். இந்தியாவோடு சேரலாமா என்று ஓட்டெடுத்தபோது போட்டவர்கள் பிரதிநிதிச் சபைக்காரர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும்தான். 178 பேரில் 170 பேர் சேரலாம் என்றார்கள். நகராட்சிக்குத் தேர்தலே எதற்கு என்று கேட்ட மஞ்சக்குப்பம் சாருக்கும் இது சேரட்டும்.

அதன் பிறகுதான் கூத்து. 1968ல் உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது 2006ல், முப்பத்தெட்டு வருடம் கழித்து. அந்த மன்றங்களின் காலம் 2011ல் முடிந்தது. அதோடு சரி. மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று சரிந்தது. பழைய சாயலிலேயே எழுப்பி 2021ல் திறந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். மஞ்சளும் வெள்ளையுமாக, கடலைப் பார்த்துக்கொண்டு, அழகாகத்தான் இருக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில்: மேர் என்று யாரும் இல்லை. ஆணையர் இருக்கிறார். மனு எழுதினால் அவர் பெயருக்கு எழுதுங்கள். பிறப்புச் சான்று, இறப்புச் சான்று என்றால் எத்தா சிவில் (பிறப்பு இறப்புப் பதிவு) ஜன்னலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். எதைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படி இறங்காதீர்கள்.