எரிநட்சத்திரம் பார்க்க எந்தப் பக்கத்து மலை? – கேள்வி பதில்

டிசம்பர் 13 இரவு மிதுன எரிகல் மழை, அதாவது ஜெமினிட்ஸ், உச்சத்துக்கு வருகிறது. இலங்கை மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

சேர், நான் பண்டாரவளை. போன டிசம்பரில் விடிய விடிய முழித்திருந்தும் பனிமூட்டத்தைத்தான் பார்த்தேன். எங்கே போவது?

உங்கள் மேல் தப்பில்லை தம்பி. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டுவது பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில்தான். மலையைத் தாண்டி ஹட்டன், மஸ்கெலியாவுக்கு வரும்போது ஈரம் குறைந்துவிடும். ஆகஸ்டில் கதை தலைகீழ். தென்மேல் காற்று ஹட்டனை நனைக்கும், உங்கள் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஆகஸ்ட் 12, 13இல் பெர்சீட்ஸ் என்ற இன்னொரு எரிகல் மழை வரும். ஆகவே டிசம்பருக்கு நீங்கள் ஹட்டன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள், ஆகஸ்டுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், பள்ளத்தில் நிற்காதீர்கள். குளிர்ந்த காற்று இரவில் கீழிறங்கித் தேங்கும், மூடுபனியும் அங்கேதான் பிடிக்கும். ஒரு தடவை ஆற்றோரத்தில் படங்கு விரித்து இரண்டு மணிநேரம் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தோட்டத்து மேல் டிவிசனிலிருந்த மச்சான் போனில், "இந்தா ஒன்று, இந்தா இன்னொன்று" என்று எண்ணிக்கொண்டிருந்தான்!

எந்தத் திசை, எத்தனை மணி?

திருவாதிரையின் செம்மையைக் கிழக்கில் பிடியுங்கள். அதற்கு இடப்பக்கம், சற்றுக் கீழே புனர்பூசத்தின் இரட்டை வெள்ளிகள். எரிகற்கள் அங்கிருந்து கிளம்புவதுபோல் தோன்றும், ஆனால் வானம் முழுக்க ஓடும். ஒன்பது மணிக்குத் தொடங்கலாம், இரண்டு மணி வாக்கில்தான் களைகட்டும். 2026இல் டிசம்பர் 9 அமாவாசை என்பதால் 13ஆம் திகதி நிலா முன்னிரவிலேயே இறங்கிவிடும்.

போயா லீவன்று பார்க்க முடியாதா? மறுநாள் வேலைக்குப் போகணுமே.

போயா என்றால் பௌர்ணமி, தங்கச்சி. அந்த வெளிச்சத்தில் மங்கலானவை எல்லாம் காணாமல் போகும்.

மணிக்கு 120 விழும் என்கிறார்களே?

அது சுத்த இருட்டில், மிதுனம் நேர் உச்சியில் நிற்கும் கணக்கு. நமக்கு அது வடபக்கமாகச் சாய்ந்தே நிற்கும். நல்ல இருட்டில் மணிக்கு நாற்பது, ஐம்பது கண்டால் சந்தோசப்படுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். நடுவில் வாட்ஸப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்கணும்.

கல் தலையில் விழாதா? இதைக் கண்டால் பச்சை மரத்தைப் பார்க்கணும் என்கிறார் அம்மாயி.

விழாது. பெரும்பாலும் மணல் அளவுத் துகள்கள், நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்து தரைக்குப் பல பத்து கிலோமீட்டர் மேலேயே எரிந்துபோகும். மற்ற எரிகல் மழைகள் பெரும்பாலும் வால்நட்சத்திரங்கள் விட்டுப்போன தூசு. இதற்கு மூலம் 1983இல் கண்டுபிடித்த ஃபேத்தன் என்ற சிறுகோள். அம்மாயி பேச்சைத் தட்டவேண்டாம், நம்மைச் சுற்றி மரத்துக்கா பஞ்சம்?

தேயிலை மலைக்குள் போய்ப் படுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சிறுத்தை நடமாடும் நேரம். லயத்து வாசலோ கோயில் மைதானமோ போதும். தொழிற்சாலை லைட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். கம்பளியும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் இருக்கட்டும். புல் ஈரமாயிருந்தால் காலில் சவர்க்காரம் தேயுங்கள், அட்டைக்கு எரிநட்சத்திரமெல்லாம் தெரியாது.