சால்னா கவர், தண்ணி கேன், டிஎன்ஏ: கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

பயோகெமிஸ்ட்ரி லேப்ல ரொம்ப வருசம் குப்பை கொட்டினவன். ஹார்மோனக் கெடுக்குற கெமிக்கல் பத்தி என்ன வேணா கேளுங்க, வைத்தியம் மட்டும் கேக்காதீங்க.

மேலூர் அக்கா: பிளாஸ்டிக்ல இருக்குற கெமிக்கல் ஹார்மோன் மாதிரி நடிக்கும்னு சொல்றாங்க சரி, அது எப்படிண்ணே டிஎன்ஏவ ஒடைக்கும்?

இதான் கேள்வி. ரெண்டு வழி இருக்கும்மா, எல்லாரும் போட்டுக் குழப்புறாங்க. ஒண்ணு கள்ளச்சாவி வேலை, பிபிஏ, அதாவது பாலிகார்பனேட்ங்கற கெட்டி பிளாஸ்டிக் பண்றதுக்குப் போடுற பிஸ்பீனால்-ஏ, போயி ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோனோட பூட்டு மாதிரி இருக்குற ரிசெப்டார்ல உக்காந்து செல்லப் பெருகச் சொல்லும், அதுல டிஎன்ஏ ஒடையாது, ஆனா அவசரமா காப்பி எடுத்தா எழுத்துப்பிழை கூடும்ல. ரெண்டாவதுதான் நேரடி அடி. உள்ள போன பிபிஏல பெரும்பகுதி ஈரல்ல மாறி மூத்திரத்துல போயிரும், துளியூண்டு குயினோன்ங்கற, எதுலயும் சட்டுனு ஒட்டிக்கிற பொருளா மாறலாம், அது டிஎன்ஏ எழுத்துல (ஏ, டி, ஜி, சினு நாலு, ஜி எப்பவும் சி-யோடதான் ஜோடி) ஒட்டிக்கிட்டு அந்த எழுத்தையே கழட்டி விட்ரும். கூடவே ஆக்சிஜன் ரேடிக்கல் வந்து ஜி எழுத்த 8-ஆக்சோகுவானின்னு கெட்டுப்போன ஜி-யா ஆக்கிட்டா, அது சி-ய விட்டுட்டு ஏ-வோட ஜோடி சேந்துக்கும். ரிப்பேர் என்சைம் இருக்கு, முக்காவாசி சரி பண்ணிரும், பயப்படாதீங்க.

இன்னொரு கதை. 1998ல அமெரிக்காவுல பாட்ரீசியா ஹன்ட்னு ஒரு விஞ்ஞானியோட லேப்ல பிளாஸ்டிக் எலிக்கூண்ட யாரோ தப்பான சோப்புல கழுவிட்டாங்க, கூண்டு கரைஞ்சு பிபிஏ கசிஞ்சிருச்சு. எலியோட கருமுட்டையில குரோமோசோம் (டிஎன்ஏ மூட்டை) வரிசை கலைஞ்சு நிக்கிறது 1-2 சதவீதத்துல இருந்து 40க்குப் போயிருச்சு. 2003ல பேப்பரா வந்துச்சு.

திருமங்கலம் பார்மசிக்காரர்: சார், நம்ம ஒடம்புல ஊறுற ஈஸ்ட்ரோஜனே குயினோன் ஆகும்ல? எதுக்கு பிளாஸ்டிக்கப் புடிச்சுத் தொங்குறீங்க?

ஆகும் தம்பி, அதான் சிக்கலே. குப்பைய கொளுத்துனா பைப்பு பண்ற பிவிசி பிளாஸ்டிக்ல இருந்து டையாக்சின்னு ஒரு விசம் வரும், அது டிஎன்ஏவத் தொடவே தொடாது, சிஒய்பி1பி1னு ஒரு என்சைமக் கெளப்பி விடும், அந்த என்சைம் நம்ம சொந்த ஈஸ்ட்ரோஜனையே குயினோன் பக்கம் தள்ளும். தெருவுல குப்பைய கொளுத்தாதீங்கன்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

அவரே: லேப் தட்டுல ஊத்துற அளவு மனுசனுக்கு எங்க சார் வருது?

நியாயம், பல ஆராய்ச்சில டோஸ் ரொம்ப அதிகம். ஆனா ஐரோப்பாவுல 2023ல ஒடம்புக்குள்ள போனாலும் பரவாயில்லங்கற பிபிஏ தினசரி அளவ 20,000 மடங்கு கொறச்சாங்க. அது எதிர்ப்புசக்தி செல்ல வச்சு எடுத்த முடிவு, டிஎன்ஏவ வச்சு இல்ல, நீங்க புடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன்.

அவரே: அப்ப நான் சொன்னது சரிதான?

பாதி.

ஒரு தங்கச்சி: ரெண்டு தடவ கரு கலைஞ்சிருச்சு, இதனாலயா?

இங்க வச்சுச் சொல்லக்கூடாதும்மா. டாக்டர்கிட்ட குரோமோசோம் டெஸ்ட் பத்திக் கேளுங்க.

உசிலம்பட்டி: 20 லிட்டர் கேன்?

அடியில முக்கோணத்துக்குள்ள 1 போட்டிருந்தா பெட்ங்கற பிளாஸ்டிக், பிபிஏ கெடையாது. 7னா பிபிஏ உள்ள பாலிகார்பனேட்டா இருக்கலாம், வெயில்ல போடாதீங்க.

சிம்மக்கல்: சால்னா கவர்?

பாலித்தீன்ல பிபிஏ இல்ல. ஆனா எந்தக் குப்பைய உருக்கி அந்தக் கவரப் பண்ணானோ, தூக்குவாளி கொண்டு போங்க.

ஒருத்தர்: டீ பார்சல் கவர்ல வாங்கலாமா?

மேல படிங்க.

இன்னொருத்தர்: டீ?

தூக்குவாளி, தூக்குவாளி! எவர்சில்வர்!