வந்திறங்கும் நாளுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி தீம் பார்க் பயணம் பற்றித்தான். இந்த முறை வந்தவற்றில் பல, போய் இறங்கும் அன்றைய சாயங்காலத்தையே சுற்றி வந்தன. அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போகிறோம். பிள்ளைகளுக்கு 5 வயது, 9 வயது. விமானம் மதியம் 2 மணிக்கு இறங்கும். நாலு நாள் டிக்கெட் எடுக்க நினைத்திருந்தோம். "பார்க் ராத்திரி 10 வரைக்கும் திறந்திருக்கு. இன்னும் ஒரு நாள் கூட்டி எடுத்தா அன்னைக்கே உள்ளே போயிடலாம். எட்டு மணி நேரத்தை எதுக்கு வீணாக்கணும்?" என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான். ஆனால் "எனக்கு மனசு ஒப்பவில்லை" என்று சொன்னால் வீட்டில் எடுபடாது, கணக்காகச் சொல்லுங்கள்.

2 மணி என்பது விமானத்தின் சக்கரம் தரையைத் தொடும் நேரம். கதவு திறந்து, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டிகள் வந்து, வண்டி பிடிக்க 4 ஆகிவிடும். விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஹோட்டல்களுக்கு அரை மணி நேரப் பயணம். கவுன்ட்டர், சாவி, அறையைக் கண்டுபிடிப்பது, குளியல், பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஏதாவது என்று எல்லாம் முடிய 6. பிறகு பார்க்குக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருப்பு, பாதுகாப்புச் சோதனை. உள்ளே கால் வைக்கும்போது 7-ஐ ஒட்டி இருக்கும். கணவர் சொன்ன எட்டு மணி நேரம் இப்போது மூன்று. அதிலும் 5 வயதுப் பிள்ளை 8 மணிக்கு மேல் எத்தனை நிமிஷம் சிரித்துக்கொண்டு நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நானும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது. ஒருமுறை, வேறொரு ஊர் பார்க்கில், இறங்கிய அன்றைக்கே டிக்கெட் எடுத்துப் போனோம். உள்ளே இருந்தது மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம், ஏறியது ஒரே ஒரு குதிரை ராட்டினம். வாணவேடிக்கை தொடங்குவதற்குள் சின்னவள் தோளில் தூங்கிப்போனாள். வாசலுக்கு வந்த பிறகுதான் அவள் ஒரு காலில் ஷூ இல்லை என்று பார்த்தோம். கலைந்து வரும் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் நடந்து தேடியபோது, துப்புரவுப் பணியாளர் யாரோ அதை எடுத்து ஒரு பூத்தொட்டியின் விளிம்பில் நிறுத்தி வைத்திருந்தார். அறைக்கு வரும்போது மணி 12. மறுநாள் எழுந்தது 9-க்கு.

அந்த மறுநாள்தான் உண்மையான நஷ்டம். எந்தப் பெரிய பார்க்கிலும் வரிசை குறைவாக இருப்பது கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம். அப்போது பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஏறக்கூடிய ரைடுக்கு மதியம் ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வரும். டிஸ்னி வேர்ல்டின் சொந்த ஹோட்டல்களில் தங்குவோரை எல்லா நாளும் அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விடுகிறார்கள். ஹோட்டலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்த அரை மணிக்காகத்தான். முதல் நாள் ராத்திரி 9 மணிக்குப் படுத்தால்தான் அது கைக்கு வரும்.

இப்போது டிக்கெட். டிஸ்னி வேர்ல்டில் 2018 அக்டோபரிலிருந்து தேதி பார்த்துத்தான் விலை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் தொடக்கத் தேதியைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். நாலு நாள் டிக்கெட்டை அந்தத் தேதியிலிருந்து 7 நாட்களுக்குள் எந்த நாலு நாளிலும் பயன்படுத்தலாம். கேட்டுக்குள் நுழைந்த நாள்தான் கணக்கில் கழியும். அதனால் வந்திறங்கும் நாளைத் தொடக்கத் தேதியாக வைத்தும், அடுத்த நாளை வைத்தும் விலையைப் பாருங்கள். எது குறைவோ அதை எடுங்கள். வந்த நாளில் போகாவிட்டாலும் உங்கள் நாலு நாள் அப்படியே இருக்கும். பயணம் 7 நாளுக்குள் முடிகிறதா என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். நாட்கள் கூடக் கூட, சேர்க்கிற ஒவ்வொரு நாளின் விலையும் குறைந்துகொண்டே போகும். ஏழாவது நாளைச் சேர்ப்பது இரண்டாவது நாளைச் சேர்ப்பதைவிட மிகவும் மலிவு. எனவே நீண்ட டிக்கெட் எடுப்பவர்கள், பிள்ளைகள் பெரியவர்களாக இருந்து காலையிலேயே வந்து இறங்கினால், தாராளமாகச் சேர்க்கலாம். அதே ஆர்லாண்டோவில் உள்ள யுனிவர்சல் என்ற இன்னொரு தீம் பார்க் வளாகத்தில் போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கினால், அங்குள்ள பழைய இரண்டு பார்க்குகளுக்கும் வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம். செக்-இன் நாளும் செக்-அவுட் நாளும் அதில் சேர்த்தி. நுழைவு டிக்கெட் மட்டும் தனி. அங்கே வந்த நாள் சாயங்காலத்துக்கு மதிப்பு உண்டு. டோக்கியோ டிஸ்னியிலோ, வேலை நாட்களில் மாலை 5 மணிக்கு மேல் நுழைவதற்கென்றே விலை குறைந்த டிக்கெட் விற்கிறார்கள். சாயங்காலத்துக்குச் சாயங்கால விலை, அது நியாயம். முழு நாள் விலை கொடுத்து மூன்று மணி நேரம் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: டிக்கெட் எடுக்கவில்லை, சரி. அவ்வளவு தூரம் போய் இறங்கிவிட்டு ரூமிலேயே உட்காருங்கள் என்றால் பிள்ளைகள் வீட்டை இரண்டாக்கிவிடுவார்கள். என்ன செய்வது?

பதில்: ரூமில் ஏன் உட்கார வேண்டும்? நீச்சல் குளத்தைப் பாருங்கள். தீம் பார்க் ஹோட்டல்களின் குளங்களில் சறுக்கு, அருவி என்று பாதி நீர்ப்பூங்காவே இருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் அறை வாடகை வாங்குகிறார்கள். பார்க் நாட்களில் காலையில் கிளம்பி ராத்திரி திரும்புகிறவர்கள் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. விமானத்தில் மடங்கிக் கிடந்த உடம்புக்கும் தண்ணீர் நல்லது, நனைந்த பிள்ளை சீக்கிரம் தூங்கும். சறுக்கு எத்தனை மணி வரை, உயிர்காப்பாளர் எத்தனை மணி வரை இருப்பார் என்று செக்-இன் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள். குளம் திறந்திருந்தாலும் சறுக்கை முன்னதாகவே மூடிவிடும் இடங்கள் உண்டு.

டிஸ்னி வேர்ல்டின் சொந்த ஹோட்டல்களில் தங்குவோருக்குச் செக்-இன் நாளில் நீர்ப்பூங்கா நுழைவு இலவசம் என்று 2025-இல் கொண்டுவந்தார்கள். உங்கள் தேதிக்கு அது பொருந்துமா என்று புக் செய்யும்போதே கேளுங்கள். ஆனால் நீர்ப்பூங்காக்கள் சாயங்காலமே மூடிவிடும் என்பதால் காலை விமானத்தில் வருகிறவர்களுக்குத்தான் இது பயன்.

வெளியே போயே ஆக வேண்டும் என்றால் நுழைவுக் கட்டணம் இல்லாத இடங்கள் நிறைய. டிஸ்னி வேர்ல்டின் கடைத்தெருவான டிஸ்னி ஸ்பிரிங்ஸில் நுழைவும் பார்க்கிங்கும் இலவசம். யுனிவர்சலுக்குச் சிட்டிவாக், பாரிஸ் டிஸ்னிலேண்டுக்கு டிஸ்னி வில்லேஜ், கலிஃபோர்னியாவில் டவுன்டவுன் டிஸ்னி என்று பெரிய பார்க்குகள் பலவற்றின் பக்கத்தில் இப்படி ஒரு கடைத்தெரு இருக்கும். டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்கு எதிரே ஏரிக்கரையில் இருக்கும் பாலினேசியன் ஹோட்டலின் மணலில் உட்கார்ந்தால் வாணவேடிக்கை தண்ணீருக்கு மேலே தெரியும். அதே ஏரியில் விளக்கு அலங்காரத்தோடு மிதவைகள் வரிசையாக வரும் ஊர்வலம் ஒன்றும் உண்டு. 1971-இல், பார்க் திறந்த அதே அக்டோபர் மாதம் தொடங்கியது. அதைப் பார்க்கவும் காசு கிடையாது. மழை, இடி என்றால் நிறுத்திவிடுவார்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். குளம், கடைத்தெரு, வாணவேடிக்கை மூன்றும் ஒரே சாயங்காலத்தில் என்றால் டிக்கெட்டே எடுத்திருக்கலாம்.

கடைத்தெரு இலவசம் என்றேன், அங்கே ஒரு எச்சரிக்கை. முதல் சாயங்காலம்தான் பிள்ளைகள் கையில் அதிகம் ஏறும் நேரம். பார்க்கிற முதல் பொம்மையே உலகத்தில் கடைசிப் பொம்மை மாதிரி தோன்றும், நமக்கும் இல்லை என்று சொல்லச் சக்தி இருக்காது. எங்கள் வீட்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம். பிடித்ததைக் கையில் எடுத்துக்கொள், நான் போட்டோ எடுக்கிறேன், கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் போட்டோக்களைப் பார்த்து ஒன்றை வாங்கலாம். பெரியவன் ஒருமுறை பதினொரு போட்டோ எடுக்கச் சொன்னான். கடைசி நாளில் கேட்டது அந்தப் பட்டியலிலேயே இல்லாத ஒரு பேனா. முதல் நாளே வாங்க வேண்டியவை தொப்பி, மழைக்கோட்டு மாதிரி மறந்து வந்த பொருட்கள் மட்டும்தான். அவற்றையும் பார்க்குக்கு வெளியே உள்ள சாதாரணக் கடையில் வாங்கினால் விலை குறைவு.

கேள்வி: வந்த அன்று ராத்திரி, கார்ட்டூன் வேடமிட்டவர்கள் மேசைக்கு வந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் உணவகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கிரெடிட் கார்டு விவரம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுப்பதில் தப்பில்லை, அந்த ராத்திரிக்குக் கொடுப்பதுதான் தப்பு. கார்டு கேட்பதே வராமல் போனால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளத்தான். விமானம் தாமதம் என்று நீங்கள் சொல்வது அங்கே எடுபடும் என்று நம்ப முடியாது. எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யலாம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். 2 மணி நேரம் என்றால் ஓரளவு பரவாயில்லை. 24 மணி நேரம் என்றால், நீங்கள் விமானத்தில் ஏறும் முன்பே கெடு முடிந்திருக்கும். முழுப் பணமும் முன்பே வாங்கும் உணவகம் என்றால் இன்னும் மோசம். இரண்டாம் நாளுக்கோ மூன்றாம் நாளுக்கோ மாற்றப் பாருங்கள். முதல் ராத்திரிக்கு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் உள்ள சாப்பாட்டுக் கடையே போதும்.

கேள்வி: போன வருஷம் ஒரு பார்க் ஹோட்டலுக்கு மதியம் 1 மணிக்கே போய்விட்டோம். 4 மணி வரை அறை தரவில்லை. அதோடு வாடகைக்கு மேல் ஒரு தொகையை டெபிட் கார்டிலிருந்து எடுத்தார்கள். இதற்கெல்லாம் புகார் செய்ய முடியாதா?

பதில்: அறை விஷயத்தில் முடியாது. புக்கிங்கில் போட்டிருக்கும் செக்-இன் நேரம்தான் ஒப்பந்தம். டிஸ்னி வேர்ல்டில் பெரும்பாலான ஹோட்டல்களுக்கு 3 மணி, ஆர்லாண்டோ யுனிவர்சலில் 4 மணி. அதற்கு முன் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, அறை கிடைக்கும் முன்பே குளத்தையும் மற்ற வசதிகளையும் பயன்படுத்தப் பெரும்பாலான இடங்களில் விடுவார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

கார்டு விஷயம் வேறு. பெரும்பாலும் அது கட்டணமாக இருக்காது, நீங்கள் அறைக் கணக்கில் எதையாவது வாங்கினால் என்ன செய்வது என்று முன்னெச்சரிக்கையாக நிறுத்தி வைக்கும் தொகையாக இருக்கும். கிரெடிட் கார்டில் அது வரம்பைத்தான் குறைக்கும். டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணமே முடங்கிவிடும், விடுவிக்கப் பல நாள் ஆகலாம். நாலு நாள் பயணத்தில் கைக்காசு முழுவதும் முதல் சாயங்காலமே கவுன்ட்டரில் மாட்டிக்கொண்டால் திண்டாட்டம்தான். ஆகவே செக்-இன்னுக்குக் கிரெடிட் கார்டு. "எவ்வளவு ஹோல்ட், எப்போது விடுவிப்பீர்கள்?" என்ற ஒரே கேள்வியைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

எடுத்தது ரிசார்ட் கட்டணம், அதாவது வாடகைக்கு மேல் ஹோட்டல் கட்டாயமாக வாங்கும் தொகை என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 2025 மே 12 முதல், தங்கும் விடுதிகள் கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த மொத்த விலையை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும். அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இது. அரசு வரியை மட்டும் பிறகு சேர்த்துக் காட்டலாம். அங்கே தங்கியிருந்து, புக் செய்த பக்கத்தில் இல்லாத கட்டாயக் கட்டணம் பில்லில் வந்திருந்தால், அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுக்கலாம்.

கேள்வி: எங்களுக்கு நடந்தது இது: நாங்கள் வந்துவிட்டோம், பெட்டிகள் வரவில்லை. நீச்சலுடை, மாற்றுத்துணி, மருந்து எல்லாம் அதில். முதல் சாயங்காலமே போச்சு. இன்னொரு முறை நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் அங்கேயே எழுத்து மூலம் பதிவு செய்து, எண் வாங்க வேண்டும். ஹோட்டல் முகவரியைக் கொடுத்தால் பெட்டியை அங்கே கொண்டுவந்து தருவார்கள். அவசியத்துக்கு வாங்கும் துணிமணிக்கு ரசீது வையுங்கள். சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் 1999 மான்ட்ரீயல் உடன்படிக்கையின்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும். வாயால் சொன்னது நிற்காது.

அடுத்த முறை ஆளுக்கு ஒரு நீச்சலுடை, ஒரு செட் துணி, மருந்து முழுவதும் கைப்பையில்.

கேள்வி: நேர வித்தியாசம் அதிகமுள்ள நாட்டுக்குப் போகிறோம். முதல் ராத்திரி பிள்ளைகள் தூங்குவார்களா?

பதில்: எந்தத் திசையில் பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேற்கே சில மணி நேரம் தள்ளிப் போனால் சாயங்காலமே கண்ணைச் சொருகும், விடியுமுன் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். பார்க்குக்கு இது வசதிதான். 7 மணி வரை இழுத்துப் பிடித்துவிட்டுத் தூங்க விடுங்கள். கிழக்கே போனால் நேர்மாறு, ராத்திரி 11-க்கும் கண் கொட்டமாட்டார்கள். அப்போது சாயங்காலத் தூக்கத்தை அனுமதிக்காமல், போன் வெளிச்சத்தைக் குறைத்து, முதல் பார்க் நாளை முடிந்தால் ஒரு நாள் தள்ளி வையுங்கள். எந்தப் பக்கம் போனாலும் ராத்திரி படுக்கும் முன் கீழே போய், காலைச் சாப்பாடு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டு, ஆளுக்கு ஏதாவது கொறிக்க வாங்கி அறையில் வையுங்கள். விடிகாலை 4 மணிக்குப் பசிக்கிறது என்று எழுப்பும் பிள்ளைக்கு ஹோட்டலில் அப்போது எதுவும் திறந்திருக்காது.