எங்கள் ஊர் கபடிக் குழுவில் சிறுவர் சிறுமியர் 40 பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்குச் சங்கம் என்ன செய்ய வேண்டும்?

"மாஸ்டர் தங்கமானவர், இதுவரை ஒரு புகாரும் இல்லை, ஒரு பெற்றோர் கேட்டுவிட்டதால் கேட்கிறேன்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சங்கச் செயலாளர் என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது.

மாஸ்டர் தங்கமா பித்தளையா என்று உரசிப் பார்ப்பது உங்கள் வேலை இல்லை, உங்களால் முடியவும் முடியாது. பிள்ளைகள் மேல் கை வைக்கிற ஆள் முதலில் பெரியவர்களைத்தான் கைக்குள் போட்டுக்கொள்வார். ஊரில் எடுத்து வைத்திருக்கும் நல்ல பெயர்தான் அவருக்கு முதல் பாதுகாப்பு. அதனால் ஆளை விட்டுவிடுங்கள். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் யார் கண்ணிலும் படாமல் தனியாக இருக்கும் நேரம் உங்கள் குழுவில் எது எது என்று மட்டும் உட்கார்ந்து எழுதுங்கள். "எல்லாரையும் சந்தேகப்படுகிறாயா" என்று இதற்குள் ஒருவர் கிளம்பியிருப்பார். இல்லை. இந்த விதிகள் நல்ல மாஸ்டரையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகின்றன. தனியாக இருக்கவே முடியாத இடத்தில் அவர் மேல் யாரும் பழி போடவும் முடியாது.

கபடியில் அப்படிப்பட்ட நேரங்கள் நான்கைந்து உண்டு. முதலாவது எடை பார்ப்பது. எடைப் பிரிவு இருப்பதால் பிள்ளைகளை உள்ளாடையோடு நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு எடை பார்க்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஜெர்சி, டிரவுசரோடு மைதானத்திலேயே எல்லார் முன்னாலும் நிறுத்துங்கள். கிராம் கணக்கில் இழுபறி என்றால் பெற்றோர் கூட நிற்கட்டும்.

அடுத்தது உளுக்கு எடுப்பது. தொடையிலும் இடுப்பிலும் அடிபடாத கபடி ஆட்டக்காரர் யார்? தைலம் தேய்த்துவிடுகிறேன் என்று அறைக்குள் கூட்டிப்போவதுதான் ஆகப் பெரிய ஓட்டை. ஐஸ் வைப்பது, கட்டுப் போடுவது எல்லாம் திறந்த இடத்தில், இன்னொரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். முழங்காலுக்கு மேலே தேய்க்க வேண்டுமென்றால் அது மாஸ்டர் வேலை இல்லை. பெற்றோரோடு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புங்கள். பெற்றோர் கூட இருந்துவிட்டால் போதுமா என்றால் அதுவும் போதாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில், சில பெண்களிடம் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே அத்துமீறினார். 2018இல் அவருக்கு 40 முதல் 175 ஆண்டு வரை தண்டனை விதித்தார்கள். ஆகவே எந்த இடத்தைத் தொடப்போகிறார், ஏன் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் அதோடு நிறுத்த வேண்டும்.

பிறகு பைக். பயிற்சி முடிந்து இருட்டிவிட்டது, அப்பா வரவில்லை, "நான் விட்டுட்டுப் போறேன்" என்று மாஸ்டர் ஏற்றிக்கொள்கிறார். இதைத் தடை செய்யுங்கள். ரெண்டு பிள்ளையாக ஏற்றினால் சரிதானே என்பார்கள். அது டிரிபிள்ஸ், வேறு வழக்கு. பெற்றோர் வரும்வரை இரண்டு பெரியவர்கள் டீக்கடை வெளிச்சத்தில் காத்திருப்பதுதான் விதி. அடிக்கடி தாமதமாக வரும் பெற்றோரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

வெளியூர் டோர்னமென்ட்டில்தான் எல்லா ஒழுங்கும் உடையும். பள்ளி வகுப்பறையிலோ கல்யாண மண்டபத்திலோ பாய் விரித்து எல்லாரும் ஒன்றாகப் படுப்பார்கள். பெரியவர்கள் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்கக் கூடாது. பத்துப் பிள்ளைக்கு ஒருவர், எத்தனை பிள்ளை என்றாலும் குறைந்தது இருவர். பெண் பிள்ளைகள் போனால் அதில் ஒருவர் பெண். அவர் சமையலுக்கு வந்த அக்கா இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே வந்தவராக இருக்க வேண்டும். இரவில் கழிப்பறைக்கு மூன்று பேராகப் போகட்டும், விளக்கு எரியட்டும். முகாம் நடத்த வருகிறேன் என்று வெளியாள் வந்தால், அவர் சொல்லும் அமைப்பின் அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். 2024 ஆகஸ்டில் வெளியே வந்த, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான சம்பவம் நினைவிருக்கும். என்.சி.சி.க்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆள் தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று நடத்தினார். சிறுமிகள் பள்ளி அரங்கிலேயே தங்கினார்கள், ஆசிரியர் யாரும் கூட இல்லை. விஷயம் தெரிந்தும் போலீசுக்குப் போகாத நிர்வாகத்தினரும் கைதானார்கள்.

போனில் மாஸ்டருக்கும் பிள்ளைக்கும் தனி அரட்டை கூடாது. வாட்சாப் குழுவில் பெற்றோர் இருக்க வேண்டும், அட்மின் இரண்டு பேர். ஷூ, ரீசார்ஜ், புரோட்டா, எதை வாங்கிக் கொடுத்தாலும் சங்கத்தின் பெயரில்தான். "வீட்ல சொல்லாத" என்ற வார்த்தையோடு வரும் எந்தப் பரிசும் அபாய மணி.

பையன்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்கு மேல், 52.94 சதவீதம், ஆண் பிள்ளைகள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தை, அவ்வளவுதான்.

ஆள் எடுக்கும்போது: 2020 போக்சோ விதிகள் விளையாட்டுப் பயிற்சியகங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். ஒரு தடவை எடுத்துப் பெட்டியில் பூட்டினால் போதாது, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் யாருமே புகார் கொடுக்காத ஆளுக்கு அந்தச் சான்றிதழ் சுத்தமாகத்தான் வரும். 2018இல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தைப் போலீஸ்தான் பார்க்க முடியும், நீங்கள் பார்க்க முடியாது. அதனால் அவர் முன்பு பயிற்சி கொடுத்த இரண்டு இடங்களுக்கு நேரில் போய், "திரும்ப வந்தால் பிள்ளைகளை ஒப்படைப்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் வர எடுக்கும் நேரத்தையும் கவனியுங்கள்.

இனி புகார் வந்தால். சங்கங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். "இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். அண்மையில் நடந்தது என்றால் குளிக்க வைக்க வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம். துணியைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது காவல் நிலையம். எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனை செய்யலாம், சிகிச்சை கொடுக்க மருத்துவமனை போலீஸ் கடிதம் கேட்கக் கூடாது. வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலேயே வாங்கலாம், வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது.

நிர்வாகக் குழுவைக் கூட்டி "விசாரிக்கலாம்" என்பீர்கள். வேண்டவே வேண்டாம். ஐந்து பேர் முன்னால் ஐந்து தடவை சொன்ன பிள்ளையின் பேச்சில் ஏழு வித்தியாசம் வரும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். அதற்குள் மாஸ்டர் போனைச் சுத்தமாக அழித்திருப்பார். ஆதாரம் திரட்டுவது உங்கள் பொறுப்பில்லை; குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தகவல் சொல்ல வேண்டும் என்கிறது போக்சோவின் 19ஆவது பிரிவு. சொல்லாமல் விட்டால் 21ஆவது பிரிவு பாயும்: பெரியவர் யாராக இருந்தாலும் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றி மறைத்த நிர்வாகி என்றால் ஓராண்டு வரை சிறை, அபராதம் வேறு. இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடித்தாலும் பயனில்லை. சமரசத்தைக் காட்டி வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

"சத்தமில்லாமல் ஆளை நிறுத்திவிட்டோம்" என்பதுதான் நம் ஊர்களில் வழக்கமான தீர்வு. அந்த ஆள் பக்கத்து ஊர்க் குழுவுக்கு மாஸ்டராகப் போவார். அமெரிக்க சாரணர் அமைப்பு இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ரகசியக் கோப்பு மட்டும் சேர்த்து வைத்தது. 2020இல் திவால் மனு போட்ட பிறகு இழப்பீடு கேட்டு வந்தவர்கள் 82,000க்கும் மேல்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். எம்.எல்.ஏ. படம் போட்ட பிளக்ஸுக்கும் ஆளுயரக் கோப்பைக்கும் எல்லாச் சங்கத்திலும் காசு இருக்கிறது. மைதானத்துக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மட்டும் இருப்பதில்லை. பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். உடை மாற்ற ஓர் அறை கிடையாது, திரை கூடக் கிடையாது. போன தடவை கோப்பை எத்தனை அடி என்று மட்டும் மைக்கில் சொல்கிறார்கள்.

"பொய்ப் புகார் வந்தால்?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: கெட்ட எண்ணத்தோடு பொய்யாகப் புகார் கொடுக்கும் பெரியவருக்கு 22ஆவது பிரிவில் தண்டனை இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது. உண்மையா பொய்யா என்று பிரிப்பது நீதிமன்றத்தின் வேலை, சங்கத் தலைவர் வீட்டுத் திண்ணையில் அது நடக்காது.