தீக்குப் பின் துளிர்ப்பது பெரிய சேஜ்பிரஷ் அன்று

அமெரிக்காவின் நெவாடாவில் சென்ற ஆண்டு எரிந்த சரிவில் அடிக்கட்டையிலிருந்து துளிர்விடும் புதர், பெரிய சேஜ்பிரஷ் என்னும் மணமுள்ள புதர்ச்செடிதானா என்று கேட்டிருந்தீர்கள். அது அன்று. ஆர்ட்டிமிசியா டிரைடென்டாட்டா என்னும் அந்த இனம் தீயில் கருகிவிட்டால் வேரிலிருந்து தழைப்பதில்லை. விதையிலிருந்துதான் புதிதாக முளைக்க வேண்டும். விதைகளில் பெரும்பாலானவை தாய்ச்செடியிலிருந்து சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே விழுந்துவிடுவதால், பரந்து எரிந்த நிலத்தில் அது திரும்பிவரப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதே எனக்குக் கவலை தருகிறது.

நீங்கள் பார்த்தது, அதே சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, தீக்குப் பின் எளிதில் துளிர்க்கும் ராபிட்பிரஷ் என்னும் புதராக இருக்கலாம்.

இலை நுனியைப் பாருங்கள். பெரிய சேஜ்பிரஷின் இலை ஆப்பு வடிவில், நுனியில் மூன்று பற்களுடன் இருக்கும். கசக்கினால், நம் மரிக்கொழுந்தின் பேரினமே ஆகையால், காரமான மணம் வீசும். ராபிட்பிரஷின் இலை நூல்போல் ஒடுங்கியது. இளந்தண்டில் கம்பளி போன்ற மென்மயிர் படர்ந்திருக்கும். கோடை இறுதியில் பளிச்சென்ற மஞ்சள் பூக்கள் வரும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெள்ளி சேஜ்பிரஷ் எனப்படும் ஆர்ட்டிமிசியா கானா தீக்குப் பின் துளிர்க்கக்கூடியது, அதன் இலைகளிலும் பெரும்பாலும் பற்கள் இரா. ஆகவே மணம் காரமாக இருந்து பற்கள் இல்லையெனில், பூக்கும் வரை பொறுத்திருந்து முடிவு செய்யுங்கள்.